பேட்டரி ஆலையில் வேலை செய்பவர் தந்தையாகத் திட்டமிடும்போது: பரிசோதனை, ஆவணம், செலவு, கால அட்டவணை

பேட்டரி தயாரிக்கும் ஆலையிலோ, பழைய பேட்டரியை உடைத்து உருக்கி ஈயம் எடுக்கும் பட்டறையிலோ வேலை செய்துகொண்டு, அடுத்த ஓராண்டுக்குள் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் ஆண்களுக்காக இதை எழுதுகிறேன். ஈயக் கலவையைப் பிளேட்டில் பூசும் பேஸ்டிங் பிரிவில் இருந்தபோது, வேலையிடத்து ஈயம் பிறக்கப் போகும் குழந்தையைப் பாதிக்குமா, அதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விகளோடு ஆய்வகம், இ.எஸ்.ஐ. மருந்தகம், ஆலை அலுவலகம் என்று நானும் அலைந்திருக்கிறேன். போன இடங்களிலெல்லாம் பாதி விடைதான் கிடைத்தது. குழந்தை என்ற பேச்சை எடுத்தவுடன், "மனைவியை அழைத்து வாருங்கள்" என்றார்களே தவிர, நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தந்தையின் வேலையிடத்து ஈயம் குழந்தையை இரண்டு வழிகளில் சென்றடையலாம். ஒன்று, அவருடைய இரத்தத்தில் சேர்ந்து விந்தணுவின் எண்ணிக்கையையும் அசைவையும் அதிலுள்ள மரபுப்பொருளையும் பாதிப்பது. மற்றொன்று, சட்டை, தலைமுடி, செருப்பு ஆகியவற்றில் ஒட்டிய தூள் வீட்டுக்கு வந்து கர்ப்பிணியின் உடலில் சேர்ந்து, நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போவதும், பிறந்த பின் தவழும் குழந்தையின் கையிலிருந்து வாய்க்குப் போவதும். முதல் வழியைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுபோல் பேசவில்லை. தந்தையின் ஈய அளவுக்கும் கருச்சிதைவு, குறைந்த பிறப்பு எடை ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டின. வேறு சில காட்டவில்லை. இரண்டாவது வழியில் அப்படிப்பட்ட ஐயம் எதுவும் இல்லை. ஆகவே, பணமும் நேரமும் அளவாகத்தான் இருக்கிறது என்றால், அதில் பெரும்பங்கை வீட்டுக்குள் வரும் தூளைத் தடுப்பதற்கே செலவிடுங்கள் என்பது என் கருத்து.

1. எந்தப் பொருளோடு வேலை செய்கிறீர்கள் என்பதைப் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள்

"கெமிக்கல் வேலை" என்றோ "தூசு" என்றோ சொன்னால் எந்த மருத்துவராலும் உதவ முடியாது. ஈய ஆக்சைடா, உருக்கிய ஈயத்தின் புகையா, கந்தக அமிலமா என்று பிரித்து எழுத வேண்டும். பிரிவின் பெயர், அங்கே சேர்ந்த தேதி, ஒரு ஷிப்டில் எத்தனை மணி நேரம், எந்த வகை மாஸ்க் தருகிறார்கள், அதை எப்போது மாற்றுகிறார்கள் என்பவையும் அதே தாளில் இருக்கட்டும். பேட்டரி ஆலைக்குள் எல்லாப் பிரிவுகளும் ஒன்றல்ல. ஈயத்தை ஆக்சைடு தூளாக்கும் ஆக்சைடு மில், பேஸ்டிங், உலர்ந்த பிளேட்டுகளைப் பிரித்து அடுக்கும் இடம் ஆகியவற்றில் தூள் அதிகம், சார்ஜிங் பிரிவில் அமிலப் புகை அதிகம். கையாளும் பொருளின் சாக்கிலோ டிரம்மிலோ ஒட்டியிருக்கும் லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது எளிது என்றாலும், ஆலைக்குள் படம் எடுக்கத் தடை இருந்தால் பெயரை மட்டும் எழுதி வாருங்கள். அந்த ஒரு காரணத்துக்காக வேலையை இழக்க வேண்டாம்.

உடன் வேலை செய்பவர்களிடமும் பேசுங்கள். டி.பி.சி.பி. என்ற புழுக்கொல்லியைத் தயாரித்த கலிஃபோர்னியாத் தொழிலாளர்கள், தங்களில் பலருக்கு ஏன் குழந்தையே பிறக்கவில்லை என்று ஒருவரோடொருவர் பேசத் தொடங்கிய பிறகுதான் 1977-இல் அந்த மருந்தின் தீங்கு வெளியே வந்தது. கூச்சம் விட்டுப் பேசும் ஒரு சாப்பாட்டு இடைவேளைக்கு அவ்வளவு பயன் உண்டு.

பேட்டரி வேலை இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பெயிண்டைச் சுரண்டுபவர்களுக்கும் இரும்புக் கட்டுமானத்தில் பிரைமர் அடிப்பவர்களுக்கும் இங்கே சொல்வது பெரும்பாலும் அப்படியே பொருந்தும். வீட்டு பெயிண்டில் ஈயத்தை 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கேட்டும் ஜன்னல் கம்பியும் இன்னும் எங்கும் இருக்கின்றன. ரெட் ஆக்சைடு என்பது இரும்பு ஆக்சைடு, ரெட் லெட் என்பது ஈயம். இரண்டும் சிவந்த நிறம்தான் என்பதால் டின்னைப் படித்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். உலோகப் பாகங்களைக் கதிர்வீச்சால் சோதிக்கும் தொழிலக ரேடியோகிராபியில் இருப்பவர்கள், தங்கள் மேல் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜின் அளவீட்டு நகலைக் கேட்டு வாங்க வேண்டும். இந்தியாவில் அந்த அளவு ஓராண்டுக்கு 30 மில்லிசீவர்ட்டையும், ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டையும் தாண்டக்கூடாது. பூச்சிமருந்து அடிப்பவர்களுக்கும் தின்னரோடு வேலை செய்பவர்களுக்கும் பரிசோதனைகள் வேறு என்றாலும், வீட்டுக்குள் எடுத்து வராமல் இருப்பது பற்றிய 6-ஆம் படி அவர்களுக்கும் உரியதே.

2. கால அட்டவணையைப் பின்னாலிருந்து போடுங்கள்

ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாட்களும், அது முதிர்ந்து வெளியேற மேலும் ஏறத்தாழ இரண்டு வாரங்களும் ஆகின்றன. அதாவது, கருத்தரிக்கும் நாளுக்கு முந்தைய மூன்று மாதங்களில் உங்கள் உடல் எப்படி இருந்தது என்பதே கணக்கு. பெரும்பாலான வேதிப்பொருட்களுக்கு இந்த மூன்று மாத விலகல் ஓரளவு போதும். ஈயத்துக்குப் போதாமலும் போகலாம். இரத்தத்தில் உள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்தாலும், பல ஆண்டுகள் வேலை செய்தவரின் எலும்பில் சேர்ந்த ஈயம் பத்தாண்டுகளுக்கு மேலும் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும்.

எனவே வரிசை இதுதான்: முதல் மாதம் பரிசோதனையும் கடிதங்களும், அடுத்த மூன்று மாதங்கள் பணியிட மாற்றமும் வீட்டுச் சுத்தமும், பிறகு மறுபரிசோதனை, அளவு இறங்கியிருந்தால் அதன் பிறகு முயற்சி. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஐந்தாறு மாதங்கள் போதும். பழைய தொழிலாளிக்கு ஓராண்டு ஒதுக்குவது நல்லது. கர்ப்பம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றால் பதற வேண்டாம், முதல் ஐந்து படிகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு 6, 7 ஆகியவற்றை இன்றே தொடங்குங்கள்.

3. இரத்த ஈயப் பரிசோதனை

கேட்க வேண்டிய பரிசோதனையின் பெயர் "பிளட் லெட்". சிரையிலிருந்து எடுத்த முழு இரத்தத்தில் செய்யப்படும் பரிசோதனை இது. "ஹெவி மெட்டல் பேக்கேஜ்" என்று பத்துப் பதினைந்து உலோகங்களைச் சேர்த்து விற்பார்கள்; உங்களுக்கு ஈயம் ஒன்று போதும். சென்னை, கோவை போன்ற நகரங்களில் உள்ள பெரிய தனியார் ஆய்வகங்களில் ஏறத்தாழ ஆயிரம் முதல் மூவாயிரம் ரூபாய்க்குள் முடியும். சிறிய ஊர்க் கிளைகளில் எடுக்கும் மாதிரியைத் தலைமை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள் என்பதால் முடிவு வரச் சில நாட்கள் பிடிக்கும். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை.

இரத்தம் எடுக்கும் இடத்திலேயே முடிவு கெட்டுப்போக வாய்ப்பு இருக்கிறது. விரல் நுனியில் குத்தி எடுத்தால், நகக்கண்ணிலும் தோலிலும் இருக்கும் ஈயத்தூள் அந்தத் துளியில் கலந்து அளவைக் கூட்டிக் காட்டும். விடுமுறை நாளில் தலைக்குக் குளித்து, துவைத்த சட்டை அணிந்து, கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நுண் உலோகப் பரிசோதனைக்கென்று கருநீல மூடி கொண்ட குழாய் இருக்கிறது. எடுப்பவர் வேறு குழாயை எடுத்தால், ஈயப் பரிசோதனைக்கு இந்தக் குழாய் சரிதானா என்று தலைமை ஆய்வகத்தைக் கேட்கச் சொல்லுங்கள். எடுப்பவரின் அரைநிமிட எரிச்சலைத் தாங்கிக்கொண்டால் மறுபடி பணம் கட்டுவது மிச்சமாகும்.

முடிவு கைக்கு வந்தவுடன் எண்ணைப் பார்க்காதீர்கள், அலகைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்பதே பொதுவான வழக்கு. சில ஆய்வகங்கள் லிட்டர் கணக்கில் அச்சிடும். லிட்டருக்கு 250 என்பதும் டெசிலிட்டருக்கு 25 என்பதும் ஒன்றே. இதன் பின் வரும் எண்கள் எல்லாம் டெசிலிட்டர் கணக்கு.

அடுத்த பொறி, எண்ணுக்கு அருகில் அச்சடித்திருக்கும் "நார்மல் ரேஞ்ச்". தொழிலாளர்களுக்கென்று வைத்த உயர்ந்த வரம்பை அந்த இடத்தில் போடுவது உண்டு. அதைக் காட்டித்தான் ஆலை அலுவலகத்தில், "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தான் தம்பி" என்று என்னை அனுப்பிவைத்தார்கள். தொழிலாளி மயங்கி விழாமல் வேலை செய்வதற்கான வரம்பு வேறு, அவருக்குப் பிறக்கப் போகும் குழந்தைக்கான வரம்பு வேறு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, யாருக்காயினும் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும்; பாதுகாப்பானது என்று அறியப்பட்ட அளவு எதுவுமே இல்லை. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான எச்சரிக்கை அளவு 3.5. குழந்தை பெறத் திட்டமிடும் ஆண், பெண் இருவருமே 30-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று அந்நாட்டுத் தொழில் பாதுகாப்பு விதி 1978-லேயே சொல்லியிருந்தது. அதன் பின் வந்த ஆய்வுகள் அதையும் உயர்ந்த அளவாகவே கருதவைக்கின்றன. 40-ஐத் தாண்டியவர்களிடம் விந்தணு எண்ணிக்கை குறைவது பல ஆய்வுகளில் தென்பட்டிருக்கிறது. நான் வைத்துக்கொண்ட இலக்கு ஒற்றை இலக்கத்தை நெருங்குவது. அது முடியாத இடத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்த அளவு தொடர்ந்து இறங்குமுகமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

விந்துப் பரிசோதனையும் தேவையா என்று பலர் கேட்கிறார்கள். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் தேவை. மற்றபடி அது இரண்டாம்பட்சமே. சில நூறு ரூபாயில் முடியும். இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்த பின் கொடுக்க வேண்டும். அதன் முடிவு சரியாக இருப்பதால் ஈயம் இல்லை என்று ஆகிவிடாது.

அளவு அதிகம் என்றதும் ஈயத்தை இறக்க ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொண்டு மறுநாளே அதே இடத்தில் போய் நிற்பவர்கள் உண்டு. அந்த மருந்துகள் நச்சு மிகுந்த நிலைக்கானவை, மருத்துவமனைக் கண்காணிப்பில் தரப்பட வேண்டியவை. ரிப்போர்ட்டைச் சரிசெய்வதற்காக அவற்றை எடுப்பது ஆபத்து. ஆலையில் கொடுக்கும் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட நன்றாக இருக்கும், ஈயத்தை வெளியேற்றாது. பஸ்பம், செந்தூரம் சேர்ந்த மருந்துகள் சிலவற்றில் ஈயமும் பாதரசமும் கண்டறியப்பட்டிருப்பதால், கணவனும் மனைவியும் இந்தக் காலத்தில் அவற்றை மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிட வேண்டாம்.

4. ஆலையிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டியவை

முக்கியமான படி இதுதான், எல்லோரும் தள்ளிப்போடுவதும் இதைத்தான். கருத்தரிப்பதற்கு முன் எடுத்த அளவும் உங்கள் பணிப்பிரிவைச் சொல்லும் தாளும் இல்லாவிட்டால், பின்னால் எந்த மருத்துவரிடமும் எந்த அதிகாரியிடமும் நீங்கள் சொல்வது வாய்மொழியாகவே நின்றுவிடும்.

ஆபத்தான செயல்முறையில் பணியமர்த்தப்படுபவருக்கு, சேரும் முன்பும் அதன் பின் பன்னிரண்டு மாதங்களுக்கு மிகாத இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனை செய்து, பதிவை வைத்து, அதைத் தொழிலாளி பார்க்க அனுமதிக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 41-சி பிரிவாக இருந்தது. உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமை 111-ஏ பிரிவில் இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததால் எண்கள் மாறிவிட்டன; உரிமைகள் தொடர்கின்றன. கடிதத்தில் பிரிவு எண்ணைப் போட்டு, "அது பழைய சட்டம்" என்று திருப்பி அனுப்ப இடம் கொடுக்காதீர்கள். கேட்பதை மட்டும் தெளிவாகக் கேளுங்கள்:

"நான் தங்கள் ஆலையில் (தேதி) முதல் (பிரிவு) பிரிவில் பணிபுரிகிறேன். எனக்கு இதுவரை செய்யப்பட்ட இரத்த ஈயப் பரிசோதனைகளின் முடிவு நகல்களையும், என் பணியிடக் காற்றில் கடைசியாக அளக்கப்பட்ட ஈய அளவையும், நான் கையாளும் பொருட்களின் பாதுகாப்புத் தகவல் தாள்களையும் எனக்கு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் சொந்த மருத்துவ ஆலோசனைக்காக இவை தேவைப்படுகின்றன."

குழந்தை பற்றியோ இழப்பீடு பற்றியோ இதில் ஒரு சொல்லும் வேண்டாம். புகார் என்ற வாடை அடித்தால் கடிதம் சட்ட ஆலோசகரின் மேசைக்குப் போய்ப் படுத்துவிடும். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இங்கே பெரிய சிக்கல் காத்திருக்கிறது. "நீ எங்கள் ஆளில்லை" என்று ஆலையும், "மெடிக்கல் எல்லாம் கம்பெனி வேலை" என்று ஒப்பந்தக்காரரும் மாறி மாறிக் கைகாட்டுவார்கள். சட்டத்தின் பார்வையில் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவரும் தொழிலாளியே, பாதுகாப்புப் பொறுப்பு ஆலையை நடத்துபவரையே சேரும். ஆகவே ஒரே கடிதத்தில் இருவரையும் பெறுநராகப் போடுங்கள். அத்துடன் நுழைவு அட்டையின் இரு பக்க நகல், சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு எண், வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் பழைய அட்டையைத் திரும்பக் கேட்பார்கள். கொடுக்கும் முன் நகல் எடுக்க மறக்காதீர்கள்.

ஆலையிலிருந்து ஒரு மாதம் வரை பதில் இல்லை என்றால், தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடலாம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்த ஆலையில் நடந்த ஆய்வுகளின் தேதியும் அவற்றில் குறிக்கப்பட்ட குறைகளும் கேட்கத் தக்கவை. பிற தொழிலாளர்களின் மருத்துவ விவரத்தைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று முழு மனுவும் தள்ளிப்போகும்.

5. பணியிட மாற்றம்

மூன்று மாதத்துக்குத் தூள் குறைந்த பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதே நோக்கம். கையில் ஆய்வக முடிவும், "ஈயத் தொடர்பைக் குறைக்க வேண்டும்" என்று மருத்துவர் எழுதிய ஒரு வரியும் இருந்தால் சூப்பர்வைசருக்கும் மேலே பேச வசதி. பேக்கிங், ஸ்டோர், டிஸ்பாட்ச் ஆகியவை வழக்கமாகக் கிடைக்கும் இடங்கள். மாற்றம் கிடைத்தால் இன்சென்டிவ், ஓவர்டைம் போகும். மாதச் சம்பளத்தில் எவ்வளவு குறையும் என்பதை முன்பே கணக்குப் பார்த்து வீட்டில் பேசிவிடுங்கள்.

மாற்றமே கிடைக்கவில்லை என்றால், அதே இடத்தில் செய்யக்கூடியவை உண்டு. துணி முகமூடியும் அறுவைச் சிகிச்சை முகமூடியும் ஈயத்தூளுக்கு உதவாது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும், வடிகட்டி மாற்றக்கூடிய ரெஸ்பிரேட்டர் வேண்டும். தாடி வைத்திருந்தால் அதுவும் பொருந்தாது. காலியான வயிற்றில் ஈயம் அதிகமாக உட்கிரகிக்கப்படுவதால் காலை ஷிப்டுக்குச் சாப்பிட்டுவிட்டே போங்கள். வேலை இடத்தில் டீ, பீடி, புகையிலை மூன்றும் கூடாது. தூளோடு இருக்கும் விரல் வாய்க்குப் போகும் நேரம் அவைதான்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் தங்கள் இ.எஸ்.ஐ. பதிவில் மனைவியின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று இந்தக் கட்டத்திலேயே பார்க்க வேண்டும். திருமணத்துக்கு முன் எடுத்த அட்டையில் பெற்றோர் மட்டும் இருப்பார்கள். மனைவியின் ஆதாரும் புகைப்படமும் கொடுத்துச் சேர்த்துவிட்டால் பேறுகால மருத்துவம் அங்கேயே கிடைக்கும். ஈயப் பரிசோதனைக்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வசதி இருக்காது. வெளியே எடுக்கப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். பரிந்துரை இல்லாமல் முதலில் எடுத்துவிட்டுப் பின்னால் பில்லை நீட்டினால் பணம் திரும்புவது கடினம்.

6. வீட்டுக்குள் தூள் வராமல் இருக்க

வேலைச் சட்டையின் பையைப் புரட்டிப் பாருங்கள். அடித்தையலின் மடிப்பில், பேனா செருகும் இடத்தில், மெல்லிய சாம்பல் நிறத் தூள் கோடாகப் படிந்திருக்கும். இரண்டு முறை துவைத்த சட்டையிலும் அது இருக்கும். அந்தச் சட்டையை உதறி, முகர்ந்து, மற்ற துணிகளோடு பக்கெட்டில் போடுவது யார் என்று நினைத்துப் பார்த்தால் இந்தப் படியின் அவசியம் விளங்கும்.

வேலை முடிந்ததும் ஆலையிலேயே தலைக்குக் குளித்து, உடை மாற்றி, வேறு செருப்பு போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். குளிக்கும் வசதியையும் உடை வைக்கும் இடத்தையும் தருவது ஆலையின் கடமை. ஷிப்ட் பஸ் கிளம்பும் நேரம்தான் உண்மையான தடை. பஸ்ஸுக்கு முன் பதினைந்து நிமிடம் வேண்டும் என்று நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் கிடைக்கும், தனியாகக் கேட்டால் கிடைக்காது. யூனிபார்ம் சலவையும் ஆலைக்குள்ளேயே நடந்தால் மிக நல்லது. நடக்காவிட்டால் வாய் கட்டிய பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து, உதறாமல், தனி பக்கெட்டில், கர்ப்பிணி அல்லாதவர் துவைக்க வேண்டும். நீங்களே துவைப்பதுதான் முறை. அந்தத் தண்ணீரைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றாமல் வடிகாலில் விடுங்கள்.

எல்லோரும் மறப்பவை சட்டையும் செருப்பும் அல்ல. கைப்பேசி, அடையாள அட்டையின் கயிறு, ஹெல்மெட்டின் உட்பஞ்சு, பைக் சீட், சாப்பாட்டுப் பை ஆகியவைதான். கைப்பேசியை ஆலைக்குள் ஒரு ஜிப் உறையில் வைத்து, வெளியே வந்ததும் உறையைக் கழற்றிவிடலாம். வீட்டுத் தரையை விளக்குமாறு கொண்டு பெருக்கினால் தூள் எழுந்து பரவும், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பாய், போர்வை, சோபா உறை ஆகியவற்றை மூன்று மாதத் தயாரிப்பின் தொடக்கத்தில் ஒருமுறை முழுதாக அலசிவிடுங்கள். உடை மாற்றாமல் குழந்தையைத் தூக்கக்கூடாது என்ற விதியை, மூத்த குழந்தை இருக்கும் வீட்டில் இன்றைக்கே தொடங்குங்கள். வாசலில் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையை விலக்குவது கஷ்டம்தான்.

வேலை தவிர்ந்த மூலங்களையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மலிவான குங்குமம், கண்ணுக்கு இடும் சுர்மா, கலப்பட மஞ்சள்தூள், பழைய பெயிண்ட் உரியும் ஜன்னல் ஆகியவற்றிலும் ஈயம் இருக்கலாம். வீட்டிலேயே பேட்டரி பழுதுபார்ப்பது, ஈயக்குண்டு உருக்குவது போன்றவை கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அறவே கூடாது.

7. கர்ப்பம் உறுதியானதும்

பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம அல்லது நகர்ப்புறச் செவிலியரிடம் பிக்மி எனப்படும் அரசின் கர்ப்பிணிப் பதிவைச் செய்து எண்ணை வாங்குங்கள். தனியார் மருத்துவமனைக்குப் போனாலும் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் தேவைப்படும். இருவரின் ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், முகவரிச் சான்று போதும். முதல் சந்திப்பிலேயே, "கணவர் ஈய வேலையில் இருக்கிறார்" என்று தாய்சேய் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் உங்கள் ஆய்வக முடிவைக் காட்டுங்கள்.

மனைவிக்கு ஒரு ஈயப் பரிசோதனை உடனே எடுக்க வேண்டும். 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் மூலத்தைத் தடுத்துவிட்டு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் எடுக்க வேண்டும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக ஏற்றுக்கொள்ளும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்தும் ஈயம் வெளியேறும். அரசு இலவசமாகத் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை அலமாரியில் அடுக்கி வைக்காமல் விழுங்கவைப்பது இந்த வீடுகளில் இரட்டிப்பு முக்கியம். இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்துப் போட வேண்டாம், கால்சியம் இரும்பைத் தடுக்கும்.

8. பிறந்த பின்

பிரசவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் பிறந்த வாரமும் எடையும் தெளிவாக இருக்கின்றனவா என்று கிளம்பும் முன் படித்துப் பாருங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பிரசவ நேரத்தில் தாயின் அளவு 5 அல்லது அதற்கு மேல் இருந்தால், தொப்புள்கொடி இரத்தத்திலோ குழந்தையின் இரத்தத்திலோ அளவு பார்க்கக் குழந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வலி வந்த பிறகு சொன்னால் உரிய குழாய் கையில் இருக்காது. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். தாயின் அளவு 40-ஐத் தாண்டினால் தவிர நிறுத்தத் தேவையில்லை என்பதே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.

ஈயம் சேர்ந்த சிசுவுக்கு வெளியில் தெரியும் அடையாளம் பெரும்பாலும் இருக்காது. தவழத் தொடங்கும் ஆறேழு மாதத்தில்தான் தரைத்தூள் வாய்க்குப் போகத் தொடங்கும். நீங்கள் அதே வேலையில் தொடர்ந்தால் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் குழந்தைக்கு அளவு எடுங்கள். வளர்ச்சியில் ஐயம் இருந்தால், அரசு மருத்துவமனைகளோடு இணைந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கட்டணமின்றிப் பார்ப்பார்கள்.

குழந்தை குறையோடு பிறந்துவிட்ட வீட்டில், "எல்லாம் உன் வேலையால்தான்" என்று உறவினர் தீர்ப்புச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒரு தனிக் குழந்தையின் குறைக்குத் தந்தையின் வேலைதான் காரணம் என்று உறுதிசெய்யும் பரிசோதனை எதுவும் இல்லை. பிறவிக் குறைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமே கண்டறியப்படுவதில்லை.

9. புகாரும் இழப்பீடும்

ஈய நச்சுத்தன்மை, அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் முதலில் நிற்பது. அதைக் கண்டறியும் மருத்துவரும் ஆலை மேலாளரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் தொழில்நோயாக ஏற்கப்பட்டால் தற்காலிக இயலாமைக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோய் விடுப்பாகப் போட்டால் 70 சதவீதம், அதுவும் 91 நாட்கள் வரைதான். அதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். சான்றிதழில் நோயின் காரணமாக ஈயம் குறிக்கப்பட்டிருக்கிறதா, வெறும் "வயிற்றுவலி", "இரத்தசோகை" என்று முடித்திருக்கிறார்களா என்பதைக் கவனியுங்கள். 90-க்கும் 70-க்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இந்தப் பலன்கள் தொழிலாளியின் நோய்க்கு மட்டுமே. மனைவியின் கருச்சிதைவோ குழந்தையின் பாதிப்போ இந்தச் சட்டங்களின் இழப்பீட்டுக்குள் வருவதில்லை. "கேஸ் போட்டு லட்சக்கணக்கில் வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவரிடம் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஆலையில் குளிக்கும் வசதி இல்லை, பரிசோதனை முடிவைத் தர மறுக்கிறார்கள் என்பன போன்ற புகார்களைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் இணை இயக்குநர் அலுவலகத்தில், 4-ஆம் படியில் அனுப்பிய கடிதத்தின் நகலோடு கொடுங்கள். புகார்தாரரின் பெயரை வெளியிட வேண்டாம் என்று முதல் வரியிலேயே எழுதி, பெற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள்.